கடலைச் சரைக்குப் போகும் கடிதங்கள்

டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்றதும் நம்மவரின் நினைவுக்கு வருவது மானிப்பாய் வைத்தியசாலை. மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, தமிழ் மூலம் பயின்ற வைத்தியர்களை உருவாக்கிய அமெரிக்கர் அவர். 'அங்காதிபாதம்', 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று அவரும் அவருடைய மாணாக்கரும் ஆக்கிய நூல்களின் பெயர்களை மேடைப் பேச்சாளர்கள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். காலஞ்சென்ற கவிஞர் அம்பி தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கிறீனை நமக்கு நினைவூட்டுவதிலேயே செலவிட்டார் எனலாம். இவையெல்லாம் தெரிந்த செய்திகள். கிறீன் ஒரு சகோதரர் என்ற கோணத்திலே அவரை நாம் அதிகம் பார்த்ததில்லை. இப்பத்தி அதைப் பற்றியது.

விக்டோரியா மகாராணியின் ஆட்சியிலே இலங்கை இருந்த காலம். 1847ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது இளைஞராகக் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகருக்கு அருகே 'கிறீன் ஹில்' என்ற மேட்டுநிலப் பண்ணை அவர்களுடைய பரம்பரைச் சொத்து. பெரிய குடும்பம். அண்ணன் ஒருவர் நியூயோர்க்கில் சட்டத்தரணி. அன்ட்ரு ஹஸ்வெல் கிறீன் என்ற அந்த அண்ணன்தான் பிற்காலத்தில் நியூயோர்க்கின் 'சென்ட்ரல் பார்க்' பூங்காவை உருவாக்குவதில் முன்னின்றவர். தனித்தனியாகக் கிடந்த ஊர்களை 1898இல் ஒரே பெருநகராக இணைப்பதற்குக் காரணமாயிருந்தவர். 1903இல், எண்பத்து மூன்று வயதில், ஆள்மாறாட்டத்தில் தம் வீட்டு வாசலிலே சுட்டுக் கொல்லப்பட்டவர். அக்காமார் நியூயோர்க்கில் பெண்களுக்கான பாடசாலை ஒன்றை நடத்தினார்கள். தம்பி மானிப்பாயிலே காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

இவர்களை இணைத்தது கடிதம். சுயெஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மானிப்பாயிலிருந்து ஒரு கடிதம் வூஸ்டருக்குப் போய், அதற்குப் பதில் வந்து சேர மாதங்கள் செல்லும். "காய்ச்சல் குணமாகிவிட்டதா?" என்று கேட்டெழுதிய கடிதம் போய்ச் சேரும்போது காய்ச்சற்காரர் குணமாகி வயலுக்குப் போயிருப்பார், அல்லது சுடலைக்குப் போயிருப்பார். அப்படியிருந்தும் எழுதினார்கள். கிறீன் 1884இல் காலமானார். ஏழாண்டுகளின் பின்னர், 1891இல், எபனேசர் கட்லர் என்ற போதகர் தொகுத்த கிறீனின் வாழ்க்கையும் கடிதங்களும் புத்தகமாக வந்தன. விற்பனைக்கு அல்ல, குடும்ப நண்பர்களுக்கென்றே அச்சிட்டதாக அதன் முகப்புப் பக்கம் கூறுகிறது. அந்தப் புத்தகம் இல்லாதிருந்தால் மிஷன் அறிக்கைகளும் நூல்களின் முகவுரைகளும் மாத்திரமே நமக்கு மிஞ்சியிருக்கும். அறிக்கைகளிலே நோயாளரின் தொகை இருக்கும். ஆனால் மாணாக்கர்களை உடையாலும் உணவாலும் வெள்ளைக்காரர்களாக மாற்றக்கூடாது, தமிழர்களாகவே இருக்கவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற மனிதரின் மனம், மேலிடத்துக்கு எழுதும் எழுத்திலே முழுவதுமாக வெளிப்படுவதில்லை. உடன்பிறந்தாருக்கு எழுதும்போது மனிதன் கணக்குக் காட்டத் தேவையில்லை.

இதிலே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கிறீனின் குடும்பத்தார் சரித்திரம் எழுதுவதற்காக அக்கடிதங்களைப் பாதுகாக்கவில்லை. தம்பி எழுதியது என்பதற்காகவே வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் மருத்துவத் தமிழின் சரித்திரத்துக்கு அது ஆதாரமாயிற்று. கலைச்சொல் ஆக்கத்தைப் பற்றி இன்று ஆராயும் நம் பேராசிரியர்கள், ஒரு விதத்தில், அமெரிக்கப் பண்ணைவீடு ஒன்றின் அலுமாரிக்குக் கடமைப்பட்டவர்கள்.

நம்முடைய அலுமாரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழிலே சகோதரக் கடிதங்களுக்குப் பஞ்சமே இல்லை என்று யாராவது சொல்லக்கூடும். அறிஞர் அண்ணா 'தம்பிக்கு' எழுதியவை தொகுதி தொகுதியாக இருக்கின்றன. கலைஞர் கருணாநிதி 'உடன்பிறப்பே' என்று விளித்து முரசொலியில் எழுதியவை ஆயிரக்கணக்கானவை. மு. வரதராசனார் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று நூல்களே எழுதினார். ஆனால் அந்தத் தம்பிக்கு வீட்டு விலாசம் கிடையாது. அவன் கட்சித் தொண்டன். அல்லது நல்வழிப்படுத்தப்பட வேண்டிய இளைஞன். அவன் பதில் எழுதுவதில்லை. பசுமாடு கன்று போட்டதா, வேலி அடைத்தாயிற்றா என்று அவனிடம் எவரும் கேட்பதில்லை. உண்மையான தம்பி ஒருவனுக்கு எழுதப்பட்ட, அச்சிலும் வந்த கடிதமென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாரதியார் 1918இல் புதுச்சேரியிலிருந்து தம் தம்பி விசுவநாதனுக்கு எழுதியது. ஆங்கிலத்தில் எழுதாதே, கொச்சையாக இருந்தாலும் தமிழில் எழுது என்று அதிலே தம்பியைக் கேட்டுக்கொள்கிறார். அக்கடிதம் பிழைத்தது பாரதி பாரதியாக இருந்ததனால். சாதாரணக் கந்தையாவும் சின்னம்மாவும் எழுதியவை பிழைப்பதற்கு அப்படியொரு காரணம் இல்லை.

வெள்ளவத்தையில் இன்று நடப்பதைப் பாருங்கள். தொடர்மாடி ஒன்றிலே தனியாக வாழ்ந்த முதியவர் காலமாகிறார். பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வருகிறார்கள். இரண்டு வார விடுமுறை. அந்தியேட்டி முடிந்ததும் வீட்டை ஒழிக்க வேண்டும். வாடகைக்கு விட வேண்டும், அல்லது விற்க வேண்டும். நகை, உறுதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், படங்கள் ஆகியவை ஒரு பக்கம். குளிர்சாதனப் பெட்டி, கட்டில் ஆகியவை உறவினருக்கு. கடைசியாக மிஞ்சுவது ஒரு றங்குப்பெட்டி. திறந்தால் நீல நிற ஏரோகிராம்கள், தபாலட்டைகள், மணியோடர் துண்டுகள், றப்பர் வளையம் போட்ட கட்டுகள். றப்பர் இளகித் தாளோடு ஒட்டியிருக்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மகனுக்குத் தெரியும், நேரமில்லை. பழைய பேப்பர், போத்தல் வாங்குபவர் காலையில் வருவார்.

எங்கள் மாடியிலேயே சில ஆண்டுகளுக்கு முன்னர் இது நடந்தது. கட்டுகளைக் கொண்டுபோன பேப்பர்காரரிடம் ஒரு கட்டை மாத்திரம் கேட்டு வாங்கினேன். நிறுவைக்கு என்ன விலையோ அதுவே விலை. ஏனையவை எங்கே போகும் என்று கேட்டேன். "மை போட்ட தாள் ஐயா, கடலைச் சரைக்குத்தான் போகும்" என்றார். கட்டிலே இருந்தவை ஊரிலிருந்த அக்கா, கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த தம்பிக்கு எழுதியவை. காலம் சென்றவரின் மகனுக்குத் தொலைபேசியில் அறிவித்து, அவருடைய சம்மதத்துடனேயே வாசித்தேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் பிள்ளையார் சுழி. தம்பியை 'நீர்' என்றே எழுதுகிறார். சேமம் விசாரித்த கையோடு செய்தி தொடங்குகிறது. மாரி பிந்திவிட்டது. கிணற்றில் நீர் ஊறுவது குறைவு. மேற்கு எல்லையில் கதியால் போட்டபோது பக்கத்துக் காணிக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அனுப்பிய காசிலே பாதி அம்மாவின் கண்ணுக்கு, மீதி சின்னவளின் பள்ளிச் செலவுக்கு. புழுக்கொடியல் காய்ந்தது, யாழ்தேவியில் வரும் இன்னாரிடம் கொடுத்துவிடுகிறேன், கோட்டை ஸ்ரேசனுக்குப் போய் வாங்கும்.

இவை சில்லறைச் செய்திகள்தாமா? நான் நாற்பது ஆண்டுகள் செய்திகளோடு வாழ்ந்தவன். யாழ்ப்பாணத்தின் 'மணியோடர் பொருளாதாரம்' என்று எத்தனை கட்டுரைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன்! கொழும்பிலும் மலாயாவிலும் உழைத்தவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள் என்பதோடு அக்கட்டுரைகள் நின்றுவிடும். அந்தப் பணம் எந்த அடுக்களையில், எவருடைய தீர்மானத்தின்படி, எதற்குச் செலவாயிற்று என்பது அந்த அக்காவின் கடிதத்திலேதான் இருக்கிறது. தீர்மானித்தவர் அவர். குடும்பத் தலைவன் என்ற பெயர் தம்பிக்கு.

1970ஆம் ஆண்டு பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வடபகுதித் தோட்டக்காரர் நிமிர்ந்த காலம் அது. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்தனா வந்து இறக்குமதிக் கதவைத் திறந்ததும் நிலைமை மாறியது. பொருளியல் நூல்களிலே இது இரண்டு பந்தி. அக்காவின் கடிதங்களிலே இது ஏழெட்டு ஆண்டுக் கதை. மிளகாய் விற்ற காசில் கிடுகு வேய்ந்த குசினிக்கு ஓடு போடுகிறார்கள். தண்ணீர் இறைக்க இயந்திரம் வாங்குகிறார்கள். துலா மிதித்தவருக்கு வேலை இல்லாமற் போகிறது, அதையும் எழுதுகிறார். பிறகு ஒரு போகத்தில், கட்டி வைத்த வெங்காயம் விலைப்படாமல் முளைவிட்டதாக ஒரு வரி. அடுத்த கடிதத்திலே இயந்திரத்தை விற்பதைப் பற்றித் தம்பியின் அபிப்பிராயம் கேட்கிறார். இப்படி எழுதக்கூடிய நிருபர் ஒருவர் எங்கள் பத்திரிகைக்குக் கிடைத்திருந்தால் நாங்கள் கொண்டாடியிருப்போம்.

கடிதப் போக்குவரத்து என்பது இரு வழி. அக்கா எழுதியது தம்பியிடம் இருக்கும். தம்பி எழுதியது அக்காவிடம் இருக்கும். நம்முடைய கேடு, இரண்டு முனைகளும் வெவ்வேறு ஆண்டுகளில் அழிந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகள் எரிந்தபோது ஊரிலிருந்து வந்த கடிதங்கள் எரிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் போனபோது, கொழும்பிலிருந்து போன கடிதங்கள் பூட்டிய வீடுகளிலே கைவிடப்பட்டன. திரும்பி வந்தவர்களிலே பலருக்குக் கூரையே இல்லை. கடிதக் கட்டைத் தேடியவர் எவர்?

இதற்கிடையில் அச்சத்தால் அழித்தவையும் உண்டு. வீதித் தடைகளும் சுற்றிவளைப்புத் தேடுதல்களும் நடந்த காலத்தில், வன்னியிலிருந்து வந்த ஒரு கடிதம் பையில் இருப்பதே விசாரணைக்குப் போதுமான காரணமாயிருந்தது. வாசித்தவுடன் கிழித்து மலசலகூடத்தில் போட்டவர்களை நான் அறிவேன். காலி வீதியின் 'கொமியூனிகேஷன்' கடைகளிலே அழைப்புக்காகக் காத்திருந்த தாய்மாரும், வெளிநாட்டுப் பயணத்துக்காக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கியிருந்த இளைஞர்களும் எழுதியவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று தெரியவில்லை. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் அந்த லொட்ஜுகளிலிருந்து 376 பேர் சொற்ப நேர அவகாசத்தில் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். உயர்நீதிமன்றம் மறுநாளே அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆட்கள் திரும்பினார்கள். அவர்கள் அறையில் விட்டுச்சென்ற தாள்களைப் பற்றி எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாதல்லவா?

யாழ்ப்பாணத்தை மாத்திரம் பேசினால் கொட்டாஞ்சேனைக்காரர் என்னைக் கோபிப்பார்கள், கோபம் நியாயமானதே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், மலையக மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கை இலங்கைப் பிரஜை என்று ஆன குடும்பங்கள் ஏராளம். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் தம் அண்ணனுடைய கடிதங்களைச் சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறார். அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறிப் போய், நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று அமைக்கப்பட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றவர். இங்கேயும் கொழுந்து, அங்கேயும் கொழுந்து. ஆனால் அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்று ஊரார் அழைத்ததை அவர் தங்கைக்கு எழுதுகிறார். இங்கே அதே காலத்தில் தங்கையை 'இந்தியாக்காரி' என்றார்கள். குளிர், காட்டுப்பன்றி, ரேஷன் அட்டை, மகளின் பேறுகாலம். மலையக மக்களின் சரித்திரம் ஆணைக்குழு அறிக்கைகளிலும் தொழிற்சங்கத் தீர்மானங்களிலும் நிறையவே இருக்கிறது. கப்பலேறிய பின்னர் அண்ணன் என்ன ஆனான் என்பது அந்தச் சேலை மடிப்பில் இருக்கிறது.

எனது நிலைப்பாட்டை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தின் அந்தரங்கத்தைச் சந்திக்குக் கொண்டுவருவதா என்று கேட்கிறார்கள். சீதனப் பேரம், காணிச் சண்டை, சாதி பார்த்துத் தட்டிக்கழித்த சம்பந்தம், ஓடிப்போன பெண், கோவிலில் கும்பிட விடாமற் தடுத்தது என்று எல்லாம் அதற்குள் இருக்கும். உண்மை. எழுதியவர் எவரும் நமக்காக எழுதவில்லை. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. கடிதத்தைப் பெற்றவருக்குச் சொந்தமானது தாள் மாத்திரம். அதில் உள்ள எழுத்து, எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவரது வாரிசுகளுக்கும் உரியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னரும் 70 ஆண்டுகளுக்கு அந்த உரிமை உண்டு. ஆகவே, கண்டெடுத்ததை எல்லாம் முகநூலில் போடும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அப்படிப் போடுபவர்கள் கடிதத்தைக் காப்பாற்றுவதை விடத் தங்களுக்கு விருப்பக்குறி சேர்ப்பதிலேயே கண்ணாயிருக்கிறார்கள்.

ஆனால் பாதுகாப்பது வேறு, பகிரங்கப்படுத்துவது வேறு. முப்பது ஆண்டுகளுக்குத் திறக்கக்கூடாது என்று முத்திரையிட்டு ஒப்படைப்பது ஆவணக்காப்பகங்களில் உலகெங்கும் உள்ள வழக்கம். பேப்பர்காரருக்குக் கொடுத்தால் மாத்திரம் அந்தரங்கம் காப்பாற்றப்படுமா? காலிமுகத் திடலிலே கடலை தின்பவன் உங்கள் பெரியம்மாவின் சீதனக் கணக்கை வாசிப்பான். அதைவிட ஆராய்ச்சியாளன் வாசிப்பது மேல் என்பது எனது அபிப்பிராயம். சாதி பற்றிய வரிகளை மறைக்க விரும்புகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். மேடையிலே எவரும் ஒப்புக்கொள்ளாததை அக்கா தம்பிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். தடுத்தவரின் வீட்டிலிருந்தே வரும் அத்தகைய சாட்சியம் வேறெங்கே கிடைக்கும்?

எங்கே ஒப்படைப்பது என்ற கேள்வி நியாயமானது. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் பழைய நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் என்று பல்லாயிரக்கணக்கில் சேர்த்திருக்கிறது. ஆவணங்களிலும் அக்கறை காட்டுகிறது. ஆண்டு 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, நூலகமும் உண்டு. அங்கே சாதாரண மக்களின் கடிதங்களுக்கென்று ஓர் அலுமாரி ஒதுக்கி, பெறுவதற்கு ஒருவரையும், எழுத்திலான நிபந்தனைப் படிவம் ஒன்றையும் வைத்தால் அதிக செலவாகாது. தலைவர்களின் உருவப்படத் திறப்பு விழாவுக்குச் செலவாகும் தொகையிலே பாதி போதும். சங்கத்தின் பெரியவர்கள் என்மீது கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வாட்ஸ்அப்பில் இன்றைய சகோதரங்கள் நாள்தோறும் பேசிக்கொள்கிறார்களே என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். பேசுகிறார்கள்தாம். தொலைபேசி மாறும்போது அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். அது அடுத்த தலைமுறையின் வில்லங்கம். அவசரமாக இருப்பது இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களின் றங்குப்பெட்டிதான்.

பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். முத்திரை சேர்க்கும் பிள்ளைகளுக்காக மூலையை வெட்டிக் கொடுக்காதீர்கள். ஏரோகிராமில் முத்திரையின் பின்புறத்திலும் எழுத்து இருக்கும், தபாற் குறியில் திகதி இருக்கும். பிளாஸ்டிக் உறை ஒட்டி 'லமினேற்' செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. றப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். கட்டுகளின் வரிசையைக் கலைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் இருக்கும் மூத்தவரை அருகில் இருத்தி, கடிதத்திலே வரும் 'சின்னத்தான்', 'கிளாக்கர் மாமா', 'சந்தியடி அக்கா' ஆகியோர் யார் யார் என்று கேட்டு, தனித்தாளில் பென்சிலால் எழுதிக் கட்டோடு வையுங்கள். அவரைத் தவிர இதைச் சொல்லக்கூடியவர் இன்று வேறெவரும் இருக்கமாட்டார்.